குடல் கண்காணிப்புக் குழுவும் ஒரு செம்புத் தண்ணீரும்

வேம்புலியின் கழுத்தில் இருந்த கட்டி கரைந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி நடக்கப்போகும் கூத்தில் இந்த ஒரு நல்ல சேதியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கரைத்த ஆஸ்பத்திரியே மறந்துவிட்டது.

எழுபத்து மூன்றாம் வருஷம். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில், வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த நிலத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் கட்டிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அது. வாசல் பலகையில் அதன் பெயர் மூன்று வரிக்கு ஓடியது. முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும் என்பதால், பஸ் கண்டக்டர்கள் "பலகை ஸ்டாப் எறங்கு" என்று கூவி ஆளை இறக்கிவிட்டார்கள்.

வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளேட்டிங் பட்டறையில் ஒன்பது வருஷமாக நிக்கல் முலாம் போடுகிறவன். சைக்கிள் ஹேண்டில்பாரை அமிலத்தில் முக்கி, தண்ணீரில் கழுவி, முலாம் தொட்டியில் இறக்கி, பளபளவென்று எடுத்துக் கொடுப்பான். வீடு பருத்திப்பட்டு ஏரிப் பக்கம். மனைவி பேபி, எஸ்டேட் கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிறவள். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துக்கொண்டு, ஊசியும் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்குப் போக வேட்டி மாற்றிக்கொண்டு, டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் ஜானகிராமன் மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

"தட்டு?" என்றார் ஜானகிராமன், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"குடுத்துட்டேன் சார்."

"டம்ளர்? கம்பளி?"

"அதுவும் குடுத்துட்டேன்."

"குடல்?"

வேம்புலி திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"உங்களைத்தான் கேட்கிறேன். குடல் சான்றிதழ் எங்கே? வாராவாரம் திங்கட்கிழமை டப்பாவில் கொடுக்கிறீங்களே, அது எதுக்குன்னு நினைச்சீங்க?" அவர் கோப்பைப் புரட்டினார். "இதோ. உங்க குடல்ல ஏழாம் நம்பர் வளர்ந்திருக்கு."

"அது இன்னா சார் ஏழாம் நம்பர்?"

"கிருமி. தொடர்ந்து மூணு திங்கட்கிழமை கிருமி இல்லைன்னு வந்தாத்தான் வெளியே விடலாம். குடல் கண்காணிப்புக் குழுவோட உத்தரவு."

"நான் வந்தப்போ இருந்துச்சா சார்?"

ஜானகிராமன் நேர்மையான மனிதர். முதல் பக்கத்துக்குப் போய் வாசித்தார். "சேர்க்கையின்போது: கிருமி இல்லை."

"அப்போ இங்க வந்துதானே சார் ஒட்டிக்கிச்சு?"

"அதனாலதான்யா விட முடியாதுங்கறேன். வெளியிலேருந்து நீங்க கொண்டுவந்ததா இருந்தா, உங்க சரக்கு, எடுத்துட்டுப் போங்கன்னு விட்டுடலாம். இது ஆஸ்பத்திரியோடது."

கம்பளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேம்புலி ஒன்பதாம் நம்பர் கட்டிலில் போய் உட்கார்ந்தான். வாசலில் துணிப்பையோடு நின்ற பேபி, வார்டு ஜன்னலுக்கு ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னாயா, இன்னா சொல்றாங்கோ?" என்றாள். தன் வயிற்றுக்குள் இருப்பது தன்னுடையதில்லை என்பதை அவனே அன்றுதான் கேள்விப்பட்டிருந்தான்.

குழு தினமும் காலை பத்து மணிக்கு வரும். தலைவர் டைரக்டர் வீரராகவன். அவருக்குப் பின்னால் துணை டைரக்டர், கிருமி நிபுணர், புள்ளிவிவர அதிகாரி, மேட்ரன், ஸ்டோர் அதிகாரி, ஸ்தாபனத்தின் அறங்காவலர்கள் மூவர், அவர்களில் ஒருவரின் மைத்துனர், சமையல் மேற்பார்வையாளர், வக்கீல் என்று மொத்தம் பன்னிரண்டு பேர். வார்டில் கட்டில் பதினாறு. ஒவ்வொரு கட்டிலிலும் பன்னிரண்டு பேரும் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். டைரக்டர் அமுக்கி, "மென்மை" என்பார். துணை டைரக்டர் அமுக்கி, "மென்மையேதான்" என்பார். புள்ளிவிவர அதிகாரி எதற்காக அமுக்குகிறார் என்று யாரும் கேட்டதில்லை. கடைசியாக வக்கீல் இரண்டு விரலால் தொட்டு, "ஆட்சேபணை இல்லை" என்பார்.

அமுக்கி முடிந்ததும் கை கழுவும் சடங்கு. சக்கரம் வைத்த வண்டியில் ஒரு பெரிய பித்தளைத் தொட்டி வரும். நிக்கல் முலாம் பூசியது, விளிம்பில் நன்கொடையாளர் பெயர் வெட்டியது. அதில் ஊதா நிற மருந்துத் தண்ணீர். பன்னிரண்டு பேரும் வரிசைப்படி விரல்களை முக்கி எடுத்து, ஒரே துண்டில் துடைத்துக்கொண்டு, அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். மருந்துத் தண்ணீரை ஸ்டோரிலிருந்து திங்கட்கிழமை மட்டும்தான் கொடுப்பார்கள். திங்கட்கிழமை கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிற தண்ணீர் வெள்ளிக்கிழமை தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். முலாம் போடுகிறவன் என்பதால் வேம்புலி முதல் நாளே கவனித்தது அந்தத் தொட்டியைத்தான். அடிப்பக்கம் முலாம் உரிந்திருந்தது. மட்டமான வேலை.

"ஏழாம் நம்பரைப் பற்றி நீங்கள் வருத்தப்படக் கூடாது" என்று டைரக்டர் அவன் கட்டில் அருகே நின்று ஒரு சொற்பொழிவு செய்தார். "உலகத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரிகள் உண்டு. எல்லாவற்றிலும் கிருமி உண்டு. ஆனால் இந்த வகை நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது. நான்கு வருஷமாக அதைக் கண்காணித்து வருகிறோம். ஒரு நாள்கூடக் கண்ணை எடுத்ததில்லை. நாங்கள் கண்காணிக்க ஆரம்பித்தபோது மூன்று பேர் குடலில்தான் இருந்தது. இன்றைக்குப் பதினாறு கட்டிலிலும் இருக்கிறது. கண்காணிப்பின் வெற்றி இது!"

மைத்துனர் கை தட்டினார். கை ஈரமாக இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

கிருமியை ஒழிக்க மாத்திரையும் கொடுத்தார்கள். பத்து நாள் தின்ற பிறகு வந்த அறிக்கையில், வேம்புலியின் வயிற்றில் பிறந்ததிலிருந்து குடியிருந்த சாதுவான கிருமிகள் அத்தனையும் ஒழிந்துவிட்டதாகவும், ஏழாம் நம்பர் மட்டும் இடம் விசாலமாகி நன்றாக இருப்பதாகவும் எழுதியிருந்தது. வீட்டுச் சோற்றுக்குத் தடை போட்டார்கள். அதில் வெளிக் கிருமி இருக்குமாம்.

எட்டாம் கட்டிலில் கன்னியப்பன் இருந்தார். திருநின்றவூர்க்காரர், மின்சார ரயிலில் கொய்யா விற்கிறவர். அவருக்கும் கட்டி கரைந்து மூன்று மாசமாகியிருந்தது. "மச்சான், இவனுங்க நம்மள வெளிய உடமாட்டானுங்க. நம்ம வயித்துல இவனுங்க பயிர் வெச்சிகீறானுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரு நாள் அவருக்குக் குளிர் ஜுரம் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. உள்ளே ஒன்றும் போகாததால் அந்தத் திங்கட்கிழமை டப்பாவில் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. காலி டப்பாவைப் பரிசோதித்த ஆய்வுக்கூடம் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதியது. அடுத்த திங்களும் காலி டப்பா, அதே பதில். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் இறந்துபோனார். திங்கட்கிழமை அவர் பெயரில் மூன்றாவது காலி டப்பா போயிற்று.

பிணத்தை வாங்க வந்த அவர் மனைவியிடம் குடல் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வருஷத்தில் அந்த வார்டுக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது. அந்த அம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதுதான் ஒரே ஆறுதல்.

அன்றைக்கு இளம் டாக்டர் தாட்சாயிணி வேம்புலிக்கு விஷயத்தைச் சொன்னாள். குழுவில் இல்லாத ஒரே டாக்டர் என்பதால் அவளுக்கு நோயாளிகளோடு பேச நேரம் இருந்தது.

"ஏழாம் நம்பர் குடல்ல இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. எனக்கோ உங்க மனைவிக்கோ அது வந்தா வந்தது தெரியாமலே போயிடும். ஆனா கரண்டும் ஊசியும் உங்க ரத்தத்தோட பலத்தைக் குறைச்சிருக்கு. குடல்லேருந்து அது ரத்தத்துல ஏறிட்டா கன்னியப்பனுக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும். சீக்கிரம் வீட்டுக்குப் போற வழியைப் பாருங்க."

"எகிறிக் குதிச்சி ஓடிடட்டா, டாக்டரம்மா?"

"ஓடிப்போனவங்க கோப்பை மூடிடுவாங்க. மாசம் ஒரு ஊசி வீதம் இன்னும் அஞ்சு ஊசி பாக்கி இருக்கு. போடலைன்னா கட்டி திரும்ப வரும்."

இருந்தால் கிருமி, ஓடினால் கட்டி. வேம்புலி அன்று முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வீட்டை நினைத்து அவனுக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டு அழுதான்.

அப்போதுதான் டில்லியிலிருந்து அழைப்பு வந்தது. 'மருத்துவமனைக் குடல்: ஒரு தேசியப் பார்வை' என்ற மாநாட்டுக்குக் குழு மொத்தமும் பதினைந்து நாள் ரயிலேறிப் போயிற்று. தொட்டியை டைரக்டர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். வார்டு சிஸ்டர் ராஜம்மா இந்தச் சந்தர்ப்பத்தில் வீட்டுச் சோற்றைக் கண்டும் காணாமல் விட்டார். பேபி ஜன்னல் கம்பி வழியே நீராகாரமும் மோரும் கொடுத்தாள். வயிற்றை அமுக்க ஆளில்லை. முதல் திங்கட்கிழமை வேம்புலிக்குக் 'கிருமி இல்லை' என்று வந்தது. இரண்டாவது திங்களும் அப்படியே. பேபி வீட்டைப் பெருக்கி மெழுகி வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

குழு சனிக்கிழமை திரும்பியது. சேதி கேட்ட டைரக்டருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நேராக வார்டுக்கு வந்து, வழியிலேயே தொட்டியில் கை நனைத்து, வேம்புலியின் வயிற்றை வழக்கத்தைவிட அன்பாக அமுக்கினார். மற்ற பதினொரு பேரும் அதே அன்போடு அமுக்கினார்கள். டில்லியிலிருந்து வாங்கி வந்த பேடா ஒன்றை டைரக்டர் தன் கையாலேயே அவன் வாயில் ஊட்டினார்.

"வரும் திங்கட்கிழமை மூன்றாவது. நமது சிகிச்சைக்குக் கிடைத்த வெற்றி நீங்கள்!"

திங்கட்கிழமை ஏழாம் நம்பர் வந்துவிட்டது.

வேம்புலி அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பட்டறையில் இப்படி ஒரு தடவை நடந்திருக்கிறது. ஒரு வாரம் போட்ட சரக்கு முழுக்கக் கறை. முதலாளி அமிலத்தை மாற்றினார், முலாம் உப்பை மாற்றினார், ஆளைக்கூட மாற்றினார். கடைசியில் பார்த்தால், நடுவில் கழுவுகிற தொட்டியில் யாரும் தண்ணீர் மாற்றவில்லை. மறுநாள் பத்து மணிக்குக் குழு வந்ததும் அவன் எழுந்து நின்றான்.

"ஐயா, ஒரு வார்த்த. எங்க பட்டறைல கழுவுற தொட்டி கெட்டுச்சின்னா, அதுல முக்கின சரக்கு அத்தினிலயும் கறை ஏறிக்கும். சரக்க எவ்ளோ தேச்சாலும் போவாது. தண்ணியத்தான் மாத்தணும். இந்தத் தொட்டியும் அப்டித்தான் கீது. நீங்க ஊருக்குப் போனப்போ எங்க வயிறு நல்லா இருந்துச்சி."

தொட்டியில் இருந்த விரல்களைத் துணை டைரக்டர் வெளியே எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

"இது" என்றார் டைரக்டர், "முறைப்படி திறந்துவைக்கப்பட்ட தொட்டி."

ஆனால் அவர் விஞ்ஞானி. விசாரணைக்கு உத்தரவிட்டார். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் எந்தப் பொருளும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே தொட்டியைச் சாம்பல் போட்டு விளக்கி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதன் பிறகு பரிசோதித்தார்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. தொட்டி குற்றமற்றது என்று குழு தீர்மானம் நிறைவேற்றிவிட்டு, பழைய தண்ணீரைத் திரும்ப அதில் ஊற்றியது.

அடுத்த கேள்வி வேம்புலியை என்ன செய்வது என்பது. நோயாளிக்குக் குடல் உண்டு, கருத்து கிடையாது என்றார் துணை டைரக்டர். அவனை அடக்க விதியில் இடமில்லையே என்று வருந்தினார் மேட்ரன். அப்போது வக்கீல் ஒரு யோசனை சொன்னார். ஊழியர் யாரும் ஸ்தாபனத்தைக் குறை சொல்லக் கூடாது என்று நடத்தை விதி தெளிவாக இருக்கிறது. தொட்டி தள்ளுகிற கிழவரோ இந்த மாசம் ஓய்வு பெறுகிறார். இந்த ஆளுக்குத் தொட்டி வேலையில் ஒன்பது வருஷ அனுபவம். வேலைக்கு எடுத்துவிட்டால் வாயைத் திறக்க முடியாது.

அன்று மாலையே நியமன உத்தரவு வந்தது. ஜானகிராமன் வாசித்துக் காட்டினார். "ஊழியர் ஆயிட்டீங்க. அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போலாம்."

"குடலு?"

"ஊழியர் குடலுக்கும் குழுவுக்கும் சம்பந்தமில்லை. மூணு வருஷம் முன்னால ஸ்டிரைக் பண்ணி வாங்கின உரிமை அது."

ஐந்து மணிக்கு வேம்புலி வெளியே நடந்தான். காலைவரை தடியை நீட்டித் தடுத்த வாட்ச்மேன் இப்போது பீடிக்கு நெருப்புக் கேட்டான். அதே குடல், அதே ஏழாம் நம்பர், அதே வாசல். ஆவடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டான்.

பேபி அன்று மீன் குழம்பு வைத்திருந்தாள். ஆனால் அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நாளைக்கு அந்தத் தொட்டிய நான்தான் தள்ளிகினு போவணும், பேபி. எட்டாம் கட்டில்ல வந்த புது ஆளோட சேத்துப் பதினஞ்சு பேரு கீறாங்கோ. கன்னியப்பன் மாரி ஒவ்வொருத்தனா போவான். என் கையாலயே ஆவும்."

"தண்ணிய மாத்தேன்."

"திங்கக்கெழம தவுர மருந்து குடுக்கமாட்டானுங்க. மாத்தணும்னு வாயத் தொறந்தா வேல போச்சி."

பேபி சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சாமர்த்தியம் ஏறிய கை அவளுடையது.

"யோவ், பெரிய மனுசன் தொட்டியக் கண்டா முக்குவான். செம்புல ஊத்தினா நீட்டுவான். கல்யாணத்துல சம்பந்தி கைய எப்டி கழுவறாங்கோ? ஒர்த்தர் குனிஞ்சி ஊத்தறாரு, இவன் ஜம்பமா நீட்டறான். அந்தத் தண்ணிக்காவ சண்ட போட்டுகினு கல்யாணத்தையே நிறுத்தினவன்லாம் கீறான். நீ ஊத்திப் பாரு."

மறுநாள் வேம்புலி சமையலறையில் கொதிக்கவைத்து ஆறின தண்ணீர் இரண்டு வாளியும், சிஸ்டர் ராஜம்மா கொடுத்த சோப்பும், வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பும், ஒரு கட்டுச் சலவைத் துண்டுகளும் வண்டியில் ஏற்றினான். முதல் கட்டிலில் அமுக்கி முடிந்து டைரக்டர் திரும்பியதும், குனிந்து, செம்பைச் சாய்த்து, "ஐயா, பெரியவங்க கைய நீட்டுங்க" என்றான்.

டைரக்டர் தொட்டியைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். அவர் முகத்தில் மாப்பிள்ளையைப் பெற்றவனின் களை வந்தது. இரண்டு கையையும் நீட்டினார். வேம்புலி சோப்புக் கொடுத்து, நிதானமாக ஊற்றி, தனித்துண்டு கொடுத்தான். கழுவிய தண்ணீர் தொட்டியில் விழுந்தது. துணை டைரக்டர் உடனே கையை நீட்டிக்கொண்டு நின்றார். தனக்கு ஊற்றியது கொஞ்சம் குறைவு என்று மைத்துனர் முணுமுணுத்தார். வக்கீல் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஒழுக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்" என்று டைரக்டர் அறங்காவலர்களிடம் பெருமையாகச் சொன்னார். "ஊழியராக்கியதும் மனிதருக்குப் பணிவு வந்துவிட்டது பாருங்கள்."

பதினைந்து கட்டில், பன்னிரண்டு ஜோடிக் கை. வேம்புலிக்கு இடுப்பு ஒடிந்தது. ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து திங்கட்கிழமைச் சீட்டுகள் வெறுமையாக வர ஆரம்பித்தன. ஆறாவது வாரம் முதல் ஆள் சான்றிதழோடு வெளியே போனான். அடுத்தடுத்த வாரங்களில் நான்கு பேர், ஆறு பேர். புதிதாக வந்தவர்களும் வந்தபடியே திரும்பிப் போனார்கள். போகிறவர்கள் ஒவ்வொருவரும் தொட்டி வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனதைக் குழு பார்த்தது. நன்கொடையாளர் மேல் உள்ள மரியாதை என்று நினைத்துக்கொண்டது. வேம்புலிக்கும் மாசம் தவறாமல் ஊசி போட்டார்கள். மூன்று முடிந்து, இரண்டு பாக்கி.

பத்தாவது வாரம் வார்டில் ஒரு நோயாளியும் இல்லை. அன்றைக்குத்தான் டைரக்டர் தலையில் இடி விழுந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய கண்காணிப்பு அறிக்கையில் ஏழாம் நம்பருக்கு எதிரே பூஜ்யம்.

அவசரக் கூட்டம் கூடிற்று. "நான்கு வருஷம் வளர்த்த கிருமி!" என்று டைரக்டர் குரல் தழுதழுத்தது. "இரவு பகல் பாராமல் கண்காணித்தோம். கண் எதிரிலேயே காணாமல் போய்விட்டது. இனி எதைக் கண்காணிப்பது? நோயாளிகள் குணமாகிப் போய்விடுவது மட்டும்தான் ஒரு ஆஸ்பத்திரியின் லட்சியமா?"

அல்ல என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். போலீசில் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். ஸ்டோர் அதிகாரிதான் துப்புக் கொடுத்தார். பத்து வாரமாக மருந்துத் தண்ணீர்ப் புட்டிகள் எடுக்கப்படாமல் அலமாரியிலேயே இருக்கின்றன. வேம்புலியைக் கூப்பிட்டார்கள். அவன் மறைக்கவில்லை.

"ஆமாங்கய்யா. நல்ல தண்ணிதான் ஊத்தினேன். எல்லாரும் ஊடு போய்ச் சேந்துட்டாங்கோ."

கையொப்பத்தோடு உத்தரவு வந்தது. கடமை தவறியதற்காக இவர் பணியிலிருந்து நீக்கப்பட்டு, முந்தைய நிலைக்குத் திருப்பப்படுகிறார். முந்தைய நிலை என்பது ஒன்பதாம் நம்பர் கட்டில். அவனை யாரும் இன்னும் டிஸ்சார்ஜ் செய்திருக்கவில்லை என்பதைக் கோப்பு பார்த்து ஜானகிராமன் உறுதி செய்தார். தட்டு, டம்ளர், கம்பளி கொடுத்தார். புதிதாக எடுத்த டப்பாவின் முடிவைப் பார்த்து, புதுப் பக்கம் திருப்பி எழுதினார்: சேர்க்கையின்போது: கிருமி இல்லை.

"மூணு திங்கட்கிழமை" என்றார், கொஞ்சம் தாழ்ந்த குரலில். "விதி அதுதான்யா. நான் என்ன பண்ண?"

தாட்சாயிணி வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். "நேத்துத்தான் ஊசி போட்டிருக்கு. இந்த மூணு வாரமும் உங்க ரத்தத்துக்குச் சக்தியே இருக்காது. இப்ப மட்டும் அது உள்ளே போயிடக் கூடாது" என்றாள். சொல்லிவிட்டு, யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

மறுநாள் பத்து மணி. பதினைந்து காலிக் கட்டில்களைக் கடந்து குழு வந்தது. புது ஆள் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கைகள் ஏற்கனவே வழியில் எதையெல்லாமோ தொட்டிருந்தன. யாரும் மாற்றாத பழைய தண்ணீர் அதில் தேநீர் நிறத்தில் தளும்பியது. அவசரமே இல்லை, வேறு நோயாளி கிடையாது. முக்கிவிட்டு அமுக்குவது, அமுக்கிவிட்டு முக்குவது என்று இன்றைக்கு இரண்டு சுற்று வரலாம் என்று டைரக்டர் அறிவித்தார். "மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறோம்" என்று தொட்டிப் பக்கம் திரும்பினார்.

வேம்புலி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது இல்லை. கட்டி என்று சொன்ன அன்றைக்குக்கூட இல்லை.

"ஐயா."

குரல் ஜன்னலிலிருந்து வந்தது. பேபி நின்றாள். இடுப்பில் ஒரு குடம், தோளில் புதுத் துண்டு, கையில் பளபளவென்று தேய்த்த செம்பு. அந்தச் செம்புக்கு வேம்புலியே பட்டறையில் முலாம் போட்டுக் கொடுத்திருந்தான். கேண்டீனில் இரண்டாயிரம் தட்டு கழுவும் அந்தப் பெண்பிள்ளை, உடம்பை நன்றாக வளைத்துக் குனிந்து, செம்பைச் சாய்த்தாள்.

"பெரியவங்க கைய நீட்டுங்க, சாமி."

டைரக்டரின் விரல் தொட்டிக்கு ஓரங்குலம் மேலே நின்றது. தொட்டியைப் பார்த்தார். தொட்டி குனியவில்லை. பத்து வாரம் பழகிய கை, அவரைக் கேட்காமலே திரும்பியது. ஜன்னலுக்குப் போனார். கம்பிகளுக்கு இடையே இரண்டு கையையும் வெளியே நீட்டினார். பேபி சோப்புப் போட்டு, முழங்கைவரை, கரி பிடித்த வாணலியைத் தேய்க்கிற தேய்ப்பாகத் தேய்த்து ஊற்றினாள்.

துணை டைரக்டர் அவர் பின்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் கிருமி நிபுணர். மைத்துனர் மட்டும் வரிசையை மீறப் பார்த்து மேட்ரனிடம் திட்டு வாங்கினார். ஒரு நிமிஷத்தில் குழு மொத்தமும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, கைகளை வெளியே நீட்டி, ஒரு செம்புத் தண்ணீருக்குக் காத்து நின்றது. வெளியே வேலிக்காத்தான் காட்டில் அன்று நல்ல வெயில்.

"எனக்குக் கொஞ்சம் தாராளமாக" என்றார் வக்கீல்.

பேபி குடத்தைச் சாய்த்துக்கொண்டே கம்பிக்கு இடையில் புருஷனைப் பார்த்தாள். "நாளைக்கும் வரேன்யா. மூணு வாரந்தானே. கேண்டீன்ல சொல்ட்டு வந்துகீறேன்."

வேம்புலி வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு அந்த வரிசையை எண்ணினான். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். குடத்தில் தண்ணீர் போதுமா என்பது ஒன்றுதான் இப்போது அவனுக்குக் கவலை.